சந்தைமுக்குக் கடைவரிசையை இடிக்காதீர்கள்: எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும்,

சந்தைமுக்கில் இருக்கும் பழைய கடைவரிசையை இடித்துவிட்டு அந்த இடத்தில் மூன்று மாடி வணிக வளாகம் கட்டுவது என்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறீர்கள். அந்த வரிசையில் மலஞ்சரக்குக் கடை, அதாவது மிளகு, பாக்கு, கிராம்பு மாதிரி மலையோர விளைபொருள் வாங்கி விற்கும் கடை, நடத்தும் வாடகைக்காரன் நான். தாத்தா நடத்தினார், அப்பா நடத்தினார், இப்போது நான். எங்களுக்கு வந்த கடிதத்தில் இரண்டே செய்தி இருந்தது: கட்டடம் பழுதடைந்துவிட்டது, 30 நாளில் காலி செய்ய வேண்டும். தீர்மானத்துக்கு முன்னால் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாக மனு கொடுத்தால் அது எந்தக் கோப்பில் போய்த் தூங்கும் என்று தெரியும், அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

அதே கட்டடத்தின் முகப்பில் 'பாரம்பரியக் கட்டடம்' என்று ஒரு நீலப் பலகை தொங்குகிறது. அதை மாட்டியதும் பேரூராட்சிதான். பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்தபோது அளவெடுத்து, படம் பிடித்து, பட்டியலில் சேர்த்தார்கள். பலகை மாட்டிய அன்று மாலை மரியாதை, போட்டோ எல்லாம் நடந்தது. பலகையைக் கழற்றாமலே இடிப்புக்கு டெண்டர் விடப் போகிறீர்கள். பட்டியல் தவறா, தீர்மானம் தவறா என்றாவது எங்களுக்குச் சொல்ல வேண்டாமா?

பழுது என்று எதை வைத்துச் சொன்னீர்கள் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய அறிக்கை என்னிடம் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். சுவர் வெட்டுகல் (செம்புரைக்கல்), சாந்து சுண்ணாம்பு, கூரை ஓடு, வயது நூறுக்கு மேல். ஆகவே பயன்பாட்டுக்கு உகந்ததல்ல. அவ்வளவுதான். எந்த உத்தரம் உளுத்திருக்கிறது, எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது, அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தார்களா என்று ஒரு வரி கிடையாது. பார்க்க வந்தவர் கடைக்கு மேலே இருக்கும் மரத்தட்டு மச்சில் ஏறவே இல்லை. மச்சுக்குப் போகும் ஏணி என் கடைக்குள் இருக்கிறது, என்னைத் தாண்டாமல் யாரும் அதில் ஏற முடியாது. சுண்ணாம்பும் மரமும் ஓடும் வயதும்தான் குற்றம் என்றால் பத்மநாபபுரம் அரண்மனையை எப்போதோ இடித்துத் தள்ளியிருக்க வேண்டும்.

கூரை ஒழுகுகிறது, மறுக்கவில்லை. எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. ரப்பர் தோட்டங்கள் அப்படியே படுத்துவிட்டன, ரோட்டோர மரங்கள் வேரோடு சாய்ந்தன, மொட்டைமாடிகளில் போட்டிருந்த தகரக் கொட்டகைகள் பறந்துபோய் அடுத்த தெருவில் விழுந்தன. இந்தக் கட்டடம் தெற்குப் பக்கத்தில் சில வரி ஓடுகளை இழந்ததோடு நின்றுகொண்டது. ஓடு போன இடத்தில் பேரூராட்சி ஒரு தார்ப்பாய் விரித்துக் கட்டியது. தற்காலிகம் என்றார்கள். அந்தத் தார்ப்பாய் வெயிலில் இற்று நார் நாராகத் தொங்குகிறது, ஓடு இன்னும் வரவில்லை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் கொட்டுகிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. கூரையைத் திறந்து போட்டுவிட்டு, வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் தண்ணீரை உள்ளே விட்டால் எந்த மரம் தாங்கும்? எங்கள் செலவிலேயே ஓடு போடுகிறோம், வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். பேரூராட்சிக் கட்டடத்தில் தனியார் கைவைக்கக் கூடாது என்று பதில் வந்தது. சரி, உடையவர்களே செய்யட்டும் என்று காத்திருந்ததற்குக் கிடைத்தது இந்தத் தீர்மானம்.

ஒக்கிக்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு அடிக்க வேண்டிய முன்சுவருக்கு அழகாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசினார்கள். வெட்டுகல் தண்ணீர் குடிக்கிற கல். மழையில் குடித்ததை வெயிலில் விட்டுவிடும், சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லைத் தின்கிறது. இன்று முன்சுவரில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, பின்னால் கல் புட்டு மாதிரி உதிர்கிறது. சிமெண்ட் படாத பின்சுவர் கல்லாகவே நிற்கிறது. ஒரே கட்டடம், ஒரே கல், ஒரே மழை. அறிக்கையோடு இணைத்திருக்கும் மூன்று படங்களும் அந்த முன்சுவரின் படங்கள்தான். பின்பக்கம் போய் ஒரு படமாவது எடுத்திருக்கலாம்.

இனி, எதை இடிக்கப் போகிறீர்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். உறுப்பினர்களில் பலர் என்னைவிட இளையவர்கள், சந்தைமுக்கைப் பஸ் நிற்கும் இடமாக மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகிற பழைய ரோட்டின் மேல், சந்தையைப் பார்த்துக் கட்டிய கடைவரிசை இது. அன்று இந்தப் பக்கத்தை ஆண்ட திருவிதாங்கூரின் மூலம் திருநாள் மகாராஜா ஆட்சிக் காலத்தது, அதாவது 1885-க்கும் 1924-க்கும் இடைப்பட்டது. அதற்கு இரண்டு தலைமுறை முன்புவரை இந்தப் பக்கத்தில் மிளகு வியாபாரம் என்று யாரும் தாராளமாகக் கடை விரிக்க முடியாது. மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலம் தொட்டு நல்லமிளகு (கருமிளகு) சர்க்காரின் தனியுரிமை. விளைவித்தவர் சர்க்கார் பண்டகசாலையில், சர்க்கார் வைத்த விலைக்குத்தான் அளந்தாக வேண்டும். டி. மாதவராவ் திவானாக இருந்த காலத்தில், 1860 வாக்கில், அந்தத் தனியுரிமை எடுபட்டது. 1865-ல் பிரிட்டிஷ் அரசோடும் கொச்சியோடும் திருவிதாங்கூர் செய்துகொண்ட உடன்படிக்கையால் எல்லைச் சுங்கமும் பெரும்பாலும் போனது. அப்புறம்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வண்டிகள் பருத்தியும் வற்றல் மிளகாயும் பயறும் கொண்டுவருவதும், இங்கிருந்து மிளகும் பாக்கும் தேங்காயும் ஏற்றிப் போவதும் பெருகியது. கோட்டாறு கம்போளம் (சந்தை), இரணியல், தக்கலை, தொடுவெட்டி (இன்றைய மார்த்தாண்டம்), குளச்சல் என்று சரக்கு கைமாறும் ஊர்களில் எல்லாம் இந்த மாதிரிக் கடைவரிசைகள் எழுந்தன. எழுந்தவற்றில் எத்தனை இன்று நிற்கின்றன என்று தக்கலையிலிருந்து கோட்டாறு வரை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள்.

முன்னால் திண்ணை. திண்ணைக்குப் பின்னால் நிரைப்பலகை போட்டு அடைக்கும் கடைகள். ஒவ்வொரு பலகையிலும் மலையாள எண் வெட்டியிருக்கும், வரிசை மாறினால் கடை அடையாது. கடைக்கு மேலே அயனிப் பலகை தட்டு போட்ட மச்சு. பின்னால் வண்டி திரும்ப முற்றம், முற்றத்தை ஒட்டிக் கிட்டங்கி, அதாவது சரக்கு வைக்கும் கட்டடம். மச்சின் பக்கச் சுவர்களில் மர அழிகள் (கம்பிபோல் இடைவெளி விட்ட சட்டங்கள்), சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று போக இடைவெளி. கீழே எழுகிற புழுக்கம் மேலே போய் வெளியேறிவிடும். இதைக் கட்டிய ஆசாரிகளும் கொத்தனார்களும் மலஞ்சரக்கு என்றால் என்ன என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். நல்லமிளகில் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். பாக்கும் கிராம்பும் ஈரம் ஏறினால் விலை இறங்கும். கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்று மேடையில் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அந்தக் கிராம்பு மழைக்காலத்தில் எங்கே கிடந்து நிறம் மாறாமல் இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா? அடுத்த கடைக்காரர் ஒழுகலுக்குப் பயந்து ஒரு மழைக்காலத்தில் தன் சரக்கை ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாய்க் கட்டிய கான்கிரீட் கிட்டங்கிக்கு மாற்றினார். ஆடி முடிவதற்குள் சுவரை ஒட்டிய மூட்டைகளில் பூசணம். திரும்பக் கொண்டுவந்து, ஓடு இருக்கிற வடக்குப் பக்கத்து மச்சில் ஏற்றிவிட்டார்.

என் கடை உத்தரத்தில் பெரிய தராசு தொங்கிய இரும்புக் கொக்கி இன்னும் இருக்கிறது. தாத்தா அதில் துலாம் என்ற பழைய நிறைக் கணக்கில் நிறுத்தார், விலை திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தில் பேசினார். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் 28½ சக்கரம். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கத்து வியாபாரி வந்தால் அந்த அரைச் சக்கரத்துக்குத்தான் சண்டை வருமாம். தாத்தாவின் பேரேட்டில் கொல்லம் ஆண்டும் சக்கரமும். அப்பாவின் பேரேட்டில் ரூபாய், அணா. 1957-க்குப் பின் நயா பைசா, அதற்கும் பின் கிலோ. வாடகைச் சீட்டுகளும் அப்படித்தான், இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வரை மலையாளம், அதன் பிறகு தமிழ். 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும், தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது என்ற செய்தி வந்ததும், இந்த வரிசை முழுக்க நிரைப்பலகை போட்டு அடைத்ததை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பலகைகளில்தான் இன்றும் கடை அடைக்கிறோம். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த வரலாற்றை மேடைகளில் நன்றாகவே பேசுகிறீர்கள். அது நடந்தபோது ஊர் ஜனம் நின்று பேசிய திண்ணைகளில் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது.

நம் மாவட்டத்தில் பழமை என்றால் கோவில், கோட்டை, அரண்மனை. நாகர்கோவிலில் 1893-ல் திறந்த மணிமேடையையும் சேர்த்துக்கொள்வோம். இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரணியல் அரண்மனையைக்கூடக் கூரை போய் மரம் முளைத்த பின்தான் திரும்பிப் பார்த்தோம் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த அரண்மனைகளுக்கும் கோட்டைகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு மிளகிலிருந்து. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களோடு நடந்த போரும் மிளகு வியாபாரம் யார் கையில் என்பதற்காகத்தான். போருக்குத் தூண் இருக்கிறது, தோற்று, பிறகு நம் படைக்கே தளபதியான டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கிறது. மிளகை வாங்கி, காயவைத்து, நிறுத்து, அனுப்பியவர்களுக்கு இந்த மாதிரி நாலு கடைதான் மிச்சம்.

கடைதானே, அதற்கு என்ன பாரம்பரியம் என்று கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். சென்னை அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் வியாபாரக் கட்டடம்தான். 2006-ல் அதை இடிக்கத் தொடங்கியபோது வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் நிறுத்தியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய நகர மன்றம், மேரி கட்டடம், பழுது பார்க்கக் காத்திருந்து காத்திருந்தே 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. அப்புறம் அதே உருவத்தில் புதிதாகக் கட்டினார்கள். பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைக்கத் தமிழ்நாடு 2012-லேயே சட்டம் இயற்றியிருக்கிறது. தீர்மானத்துக்கு முன்னால் அந்த ஆணையத்துக்கு ஒரு கடிதமாவது போட்டீர்களா? நான் வாங்கிய கோப்பு நகலில் அப்படி எதுவும் இல்லை.

வளாகம் வந்தால் வருமானம் கூடும் என்பது உங்கள் கணக்கு. பழைய மீன்சந்தைக் கூடத்தை இடித்துக் கட்டிய வளாகத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். கீழ்த்தளம் ஓடுகிறது. முதல் மாடியில் பாதிக் கடைகள் ஏலம் போகவில்லை, அதற்கு மேலே புறா குடியிருக்கிறது. மலஞ்சரக்கு வியாபாரம் மாடியில் நடக்காது. மலையோரத்திலிருந்து தலைச்சுமையாகப் பாக்கோ கொல்லாங்கொட்டையோ (முந்திரிக்கொட்டை) கொண்டுவருகிறவர் படியேறி வரமாட்டார், ரோட்டில் நிற்கிற அடுத்த வண்டிக்காரனிடம் அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்கிறீர்கள், அது நியாயமான தேவைதான். பின்முற்றம் சும்மா கிடக்கிறது. சும்மா என்றுகூடச் சொல்ல முடியாது, பேரூராட்சியின் ஓடாத குப்பை வண்டிகள் அதை நிரப்பிக்கொண்டு நிற்கின்றன.

வாடகைப் பட்டியலில் இல்லாத ஆட்களும் அந்தக் கட்டடத்தில் பிழைக்கிறார்கள். திண்ணையில் கடவமும் ஓலைப்பெட்டியும் விற்கிற அம்மா, குடை ரிப்பேர் செய்கிறவர், செருப்புத் தைக்கிறவர், வெற்றிலைக்காரர். புதிய வளாகத்தின் வரைபடத்தைப் பார்த்தேன், திண்ணை இல்லை. எங்களுக்காவது ஏலத்தில் நின்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவர்கள் எந்த ஏலத்தில் நிற்பார்கள்?

திண்ணைக்கு எதிரே ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் நாட்டியது. ஓடை வேலைக்காக அதைப் பெயர்த்தார்கள், வேலை முடிந்ததும் திரும்ப நாட்டுவோம் என்றார்கள். இப்போது அதன் குறுக்குக்கல் இரண்டு துண்டாக அந்தக் குப்பை வண்டிகளுக்குப் பின்னால் கிடக்கிறது. முகப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே கட்டுவோம் என்று இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறதே, அதை நான் நம்பத் தயங்குவதற்கு இந்தக் கல்தான் காரணம்.

மன்றத்திடம் கேட்பது இவைதான். காலி செய்யச் சொன்ன கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள், இடிப்புத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே நிறுத்தி வையுங்கள். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை செய்து பழகிய பொறியாளர் ஒருவரைக் கொண்டு, மச்சு, உத்தரம், அஸ்திவாரம், பின்சுவர் எல்லாவற்றையும் கடைக்காரர்கள் முன்னிலையில் பார்க்கச் செய்து, அந்த அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அது வரும்வரை காத்திருக்க முடியாத வேலை ஒன்று உண்டு: இடவப்பாதி தொடங்குவதற்குள் தெற்குக் கூரைக்கு ஓடு போட வேண்டும். இடித்த வீடுகளிலிருந்து எடுத்த நல்ல பழைய ஓடு இந்தப் பக்கத்திலேயே விலைக்குக் கிடைக்கிறது. நீங்கள் போட முடியாவிட்டால் எங்களைப் போட விடுங்கள், அதற்கு எழுத்தில் அனுமதி தாருங்கள்.

முன்சுவரின் சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். வாடகை குறைவு என்பது உங்கள் குறை என்றால், நியாயமான உயர்வு பற்றிப் பேச நாங்கள் தயார், அந்த உயர்வைக் கட்டடப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் வையுங்கள். திண்ணையில் பிழைப்பவர்களின் பெயர்களையும் பதிவு செய்யுங்கள். முற்றத்திலிருந்து குப்பை வண்டிகளை அகற்றி வாகனம் நிறுத்த விடுங்கள், சுமைதாங்கியைச் சேர்த்து நாட்டுங்கள். கட்டடத்தின் விவரங்களைப் பாரம்பரிய ஆணையத்துக்கு முறைப்படி அனுப்பி, நீலப் பலகைக்குச் சட்டத்தின் பலம் வாங்கித் தாருங்கள்.

பேரேடுகள், வாடகைச் சீட்டுகள், ஓடு போட அனுமதி கேட்ட கடிதத்தின் நகல், உங்கள் பதில், முன்சுவர் பின்சுவர் இரண்டின் படங்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. எந்த உறுப்பினர் கேட்டாலும் காட்டுகிறேன். 30 நாள் கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால், இடிப்புக்குத் தடை கேட்டு நீதிமன்றம் போவது என்று கடைக்காரர்கள் நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சந்தைமுக்கு மலஞ்சரக்குக் கடைக்காரன்